நாகர்கோவிலில் இருந்து தலைநகரம் எவ்வளவு தூரம்?



சென்னையில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போன் செய்தான். "சார், ஊருக்கு பிளைட்டில் வந்தா ஒன்னேகால் மணி நேரம்னு போட்டிருக்கான். ஆனா காலையில வீட்டை விட்டு இறங்கினா வீடு வந்து சேர சாயங்காலம் ஆயிடுது. கணக்கு எங்கே உதைக்குது?" என்று கேட்டான். போனில் சொல்லி முடியவில்லை, நூறு ஆண்டுக் கதை அது. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாக இருக்கும். வகுப்பில் மணி அடித்த பிறகும் நான் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

என் பாட்டா காலத்தில் யாரும் தூரத்தை மைலில் சொல்லிக் கேட்டதில்லை. "நாலு நாழிகை வழி" என்பார்கள். நாழிகை என்றால் 24 நிமிடம். அதாவது தூரத்தை அவர்கள் நேரத்தில்தான் அளந்தார்கள். வழியில் ஆறு பெருகியிருந்தால் அதே ஊர் எட்டு நாழிகை வழி ஆகிவிடும். இன்றைக்குச் செல்போனில் வரைபடத்தைத் திறந்தால், நெரிசல் இருக்கிறது, இருபது நிமிடம் கூடும் என்று சொல்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதான்.

முதலில் ஒரு விஷயம். நாஞ்சில் நாட்டுக்காரனுக்குத் தலைநகரம் விலகி விலகிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரம். தக்கலை பக்கத்தில். நாகர்கோவிலில் இருந்து சுமார் 15 கி.மீ. காலையில் பழஞ்சி குடித்துவிட்டு நடந்தால் உச்சிக்குள் அரண்மனை வாசலில் நிற்கலாம். தர்மராஜா என்று சொல்லப்படும் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. அது சுமார் 65 கி.மீ. அதற்கப்புறம் 1956 நவம்பர் 1-ஆம் தேதி, நம்முடைய தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. சாலை வழி சென்னை 700 கி.மீ. பதினைந்து, அறுபத்தைந்து, எழுநூறு. இந்த மூன்று எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

திருவனந்தபுரம் தலைநகராக இருந்த நாளில் நமக்கு அந்தப் பக்கம்தான் பாதை. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் வேறு நாடு. "பாண்டிக்குப் போயிருக்கான்" என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். கணவாயில் கோட்டைச் சுவர் இருந்தது. வேலுத்தம்பி தளவாய் காலத்தில், 1809 பிப்ரவரியில், ஆங்கிலேயப் படை அந்த வழியாகத்தான் உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. பிற்காலத்தில் படை இல்லை என்றாலும் எல்லை எல்லைதான். நம் பக்கம் சக்கரமும் பணமும் செல்லும். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை சக்கரம். அந்த அரைச் சக்கரக் கணக்கில் ஆரல்வாய்மொழியில் எத்தனை சண்டை நடந்திருக்குமோ! இப்போது அங்கே காற்றாடிகள் சுற்றுகின்றன, சண்டை போட ஆள் இல்லை.

தண்ணீர் வழியும் ஒன்று போட்டுப் பார்த்தார்கள். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். பத்மநாப சுவாமி பெயர், விக்டோரியா மகாராணி பெயர், மன்னர் மார்த்தாண்ட வர்மா பெயர், மூன்றையும் சேர்த்து வைத்த பெயர். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் படகு வழியில் இணைப்பது எண்ணம். முழுவதும் முடியவில்லை. குளச்சல், மண்டைக்காடு பக்கம் போனால் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம்.

சாலைதான் கைகொடுத்தது. 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசு சொந்தமாகப் பேருந்து விட்டபோது, திருவனந்தபுரத்தில் இருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரும் தடத்தைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது. லண்டனில் போக்குவரத்து வேலை பார்த்த சால்ட்டர் என்பவரை அழைத்துவந்து அதற்குத் தலைமை ஏற்கவைத்தார்கள். சர் சி.பி. ராமசாமி அய்யர் திவானாக இருந்த அந்தக் காலத்தில் இந்தச் சாலைக்குச் சிமென்ட் கான்கிரீட்டும் போட்டார்கள். ஆக நம் ஊரும் திருவனந்தபுரமும் நல்ல சாலையால் கட்டப்பட்டிருந்தன.

இனி ஆகாயத்துக்கு வருவோம்.

1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில் இருந்து பம்பாய்க்குச் சின்ன விமானத்தில் தபால் கொண்டுவந்தார் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பம்பாயில் அதை வாங்கி, பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனவர் நெவில் வின்சென்ட். டாட்டாவோடு சேர்ந்து அந்தத் தபால் சேவையைத் திட்டமிட்டவரே அவர்தான். அவரை யாரும் நினைவு வைப்பதில்லை. நமக்கு முக்கியமானவர் அவரே. ஏனென்றால் மூன்று ஆண்டு கழித்து, 1935 அக்டோபர் 29-ஆம் தேதி, திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரை ஓரத்து மைதானத்தில் முதல் டாட்டா விமானத்தைக் கொண்டுவந்து இறக்கியவரும் அவர்தான். மன்னர் சித்திரைத் திருநாளுக்கு வைஸ்ராய் வெலிங்டன் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து அதில் வந்தது. கூட வந்த பயணிகள் இருவரில் ஒருவர் ஜம்ஷெட் நவ்ரோஜி. அந்த மைதானம் அமையக் காரணமாக இருந்தவர் மன்னரின் தங்கை கணவர் கோத வர்ம ராஜா. ஜி.வி. ராஜா என்றால் விளையாட்டுப் பிரியர்களுக்குத் தெரியும். நவம்பர் 1-ஆம் தேதி அங்கிருந்து பம்பாய்க்கு முதல் தபால் மூட்டை ஏறியது. அது பிரிட்டிஷ் தபால் அல்ல, நம் அஞ்சல். திருவிதாங்கூர் தபால் துறைக்கே அஞ்சல் என்றுதான் பெயர். மணி கட்டிய கோலைக் கையில் பிடித்து ஓடிய அஞ்சல்காரன் தூக்கிய மூட்டை ஆகாய விமானம் ஏறிவிட்டது! (நம் மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் ஒரு நவம்பர் 1 தான். சரியாக 21 ஆண்டு இடைவெளி.)

அந்த விமானத்தின் பெயர் ஃபாக்ஸ் மாத். இரட்டைச் சிறகு, ஒற்றை எஞ்சின். பயணிகள் சின்னக் கூண்டுக்குள் உட்காருவார்கள், மூன்று நான்கு பேருக்கு மேல் ஏறமுடியாது. விமானி அவர்களுக்குப் பின்னால், மேலே, காற்றில் தலையை நீட்டிக்கொண்டு உட்காருவார். மாட்டுவண்டியில் வண்டிக்காரன் முன்னால் இருப்பான், இதில் பின்னால், அவ்வளவுதான் வித்தியாசம். வேகம் மணிக்கு 150 கி.மீ. அளவு. பம்பாய்க்கும் திருவனந்தபுரத்துக்கும் நேர்க்கோட்டில் சுமார் 1,250 கி.மீ. வகுத்துப் பாருங்கள், எட்டு மணி நேரத்துக்கு மேல் வரும். நடுவில் கோவாவிலும் கண்ணூரிலும் இறங்க வேண்டும். ஆக ஒரு பகல் முழுக்க. இன்று அதே தூரம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மழைக்காலத்தில் அந்த மைதானங்களில் இறங்கமுடியாது என்பதால் மழை இல்லாத மாதங்களில் மட்டும் ஓடியது.

சென்னையை விட்டுவிட்டு ஏன் பம்பாய்க்கு விட்டார்கள் என்று கேட்பீர்கள். வெளிநாட்டுத் தபால் கராச்சியில்தான் வந்து இறங்கும், அங்கிருந்து பம்பாய். உலகத்தோடு பேசும் வாசல் அந்தப் பக்கம் இருந்தது. அன்றைக்குச் சென்னை நமக்கு யார்? பக்கத்து நாட்டுக்கும் அப்பால் உள்ள ஒரு ஊர்.

இப்போது 1956. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும்.

"திருவனந்தபுரத்தோடு இருந்திருந்தால் எல்லாம் பக்கத்தில் இருந்திருக்கும், ஏன் எழுநூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்ச் சேர்ந்தார்கள்?" என்று இப்போதுள்ள பிள்ளைகள் கேட்கிறார்கள். என் வீட்டிலேயே கேட்டார்கள். மார்ஷல் நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் போராடியபோது இந்தத் தூரம் அவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நேசமணி வழக்கறிஞர். எந்தக் கோர்ட்டுக்கு எத்தனை மைல் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? பள்ளிக்கூடத்திலும் கச்சேரியிலும் தன் மொழியில் பேசவேண்டும் என்பதுதான் கேள்வியாக இருந்தது. 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. அதற்கு அப்புறம் மைல் கணக்குப் பேச யாருக்கும் மனம் இருந்திருக்காது. தூரத்தைத் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். ஆனால் ஏற்றுக்கொண்ட தூரத்தைக் குறைத்துக்கொடுக்க வேண்டியது ஆட்சியின் கடமை. அது மெல்லத்தான் நடந்தது, மிக மெல்ல.

எவ்வளவு மெல்ல என்று பாருங்கள். 1956-ல் மாவட்டம் சேர்ந்தபோது இங்கே ரயில் கிடையாது. மேற்கே திருவனந்தபுரம் வரைக்கும் கொல்லம் வழியாக 1918-லேயே ரயில் வந்தாயிற்று. கிழக்கே திருநெல்வேலி வரை ரயில் உண்டு. நடுவில் நாம். இரண்டு தண்டவாளத்துக்கும் இடையில் ஒரு மாவட்டம் முழுதும் பேருந்தில் போய்வந்தது. 1972-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1979 ஏப்ரலில் திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி ரயில் ஓடியது. 1981 ஏப்ரலில்தான் நாகர்கோவில் – திருநெல்வேலி பாதை திறந்தது. அதாவது தமிழ்நாட்டோடு சேர்ந்து 25 ஆண்டு கழித்துத்தான் நமக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையில் தண்டவாளம் வந்தது. அதுவும் திருநெல்வேலி வரைதான் அகலப் பாதை, அதற்கப்பால் அன்று மீட்டர் கேஜ். ஒரே வண்டியில் சென்னை போக அதற்கும் மேலே பல ஆண்டு காத்திருந்தோம்.

கோர்ட்டு விஷயமும் இப்படித்தான். முன்பு திருவனந்தபுரத்தில் இருந்த உயர்நீதிமன்றம், 1956-க்குப் பின் நமக்குச் சென்னையில். மதுரைக் கிளை திறந்தது 2004 ஜூலை 24. நாற்பத்தெட்டு ஆண்டு, ஒரு வரப்புத் தகராறு மேல்முறையீடு ஆனால் கூட எழுநூறு கிலோமீட்டர். எங்கள் வீட்டிலும் தோவாளைப் பக்கம் ஒரு வயல் வழக்கு இருந்தது. அப்பா மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுப் பொதியோடு பேருந்து ஏறி, ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலி போய், ராத்திரி ரயில் பிடித்து, மறுநாள் சென்னையில் இறங்குவார். வக்கீல் "அடுத்த மாதம் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்" என்பார். அதே வழியில் திரும்பி வருவார். வயலில் விளைந்த நெல்லின் விலையைவிட வண்டிச் சத்தம் கூடிப்போச்சு என்று அம்மா சொல்வாள். கடைசியில் எதிராளியும் இதே அலைச்சலில் சலித்துப் போய், இரண்டு பேரும் ஊரிலேயே உட்கார்ந்து பேசி முடித்துக்கொண்டார்கள்.

பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். நாகர்கோவில் கல்லூரிகள் முதலில் 1937-ல் தொடங்கிய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் கீழ். பிறகு சென்னைப் பல்கலைக்கழகம். 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்ததும் அங்கே. 1990-ல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார். ஒரே கட்டடத்தில் ஒரே பெஞ்சில் படித்த பாட்டா, அப்பா, மகன், பேத்தி நான்கு பேருக்கும் நான்கு பட்டம் தரும் ஊர். தலைநகரம் விலகிப்போன அளவுக்குப் பிறகு மெல்ல மெல்ல இது ஒன்றுதான் நம்மை நோக்கித் திரும்பி வந்திருக்கிறது.

சாவு வீட்டில்தான் தூரம் உறைக்கும். 1974-ல் எங்கள் பாட்டா இறந்தபோது பெரியப்பா சென்னையில் இருந்தார். தந்தி கொடுத்தோம். தந்தி அவர் கைக்குப் போய், அவர் ரயில் பிடித்துத் திருநெல்வேலி வந்து, பேருந்து மாறி வீட்டு நடையில் கால் வைத்தபோது மூன்றாம் நாள். எல்லாம் முடிந்து சாம்பலும் கரைத்தாயிற்று. அவர் யாரிடமும் ஒன்றும் பேசாமல், பாட்டாவின் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்தார். விமானம் அன்றும் இருந்தது, திருவனந்தபுரத்தில். பெரியப்பா மாதிரி ஒரு குமாஸ்தாவின் சம்பளத்துக்கு அது ஆகாயத்தில்தான் இருந்தது.

இப்போது அந்த மாணவன் கேட்ட கணக்குக்கு வருகிறேன். சிலேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் நேர்க்கோட்டில் சுமார் 610 கி.மீ. ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் போகும். அப்படிப் பார்த்தால் முக்கால் மணி நேரம்தான் வரவேண்டும். ஆனால் ஓடுதளத்துக்கு நகர்ந்து போவதும், மேலே ஏறுவதும், இறங்கும்போது வேகம் குறைப்பதும், வரிசையில் காத்திருப்பதும் சேர்ந்து ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. கிட்டத்தட்ட மதுரை, திருச்சி தலைக்கு மேலேதான் அந்தக் கோடு போகிறது. மேகம் இல்லாத நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் பாருங்கள்.

இனி ஒரு வேடிக்கை. நாகர்கோவிலில் இருந்து சென்னை விமான நிலையத்துக்கு நேர்க்கோட்டுத் தூரம் எவ்வளவு தெரியுமா? அதுவும் சுமார் 610 கி.மீ. தான்! சென்னையில் காம்பசின் முள்ளை ஊன்றி ஒரு வட்டம் போட்டால், நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் அதே வட்டத்தின் மேல் வருகின்றன. அப்படியென்றால் என்ன அர்த்தம்? நாகர்கோவில்காரன் விடியற்காலையில் கார் பிடித்து, தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை நெரிசலில் இரண்டு, இரண்டரை மணி நேரம் ஊர்ந்து 65 கி.மீ. போய்ச் சேர்ந்தபோது, சென்னைக்கு அவன் ஒரு கிலோமீட்டர் கூடப் பக்கத்தில் வந்திருக்கவில்லை. வட்டத்தின் மேலேயே நடந்திருக்கிறான்.

மிச்சத்தைக் கூட்டுங்கள். விமானத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி முன்னால் அங்கே இருக்கவேண்டும். பறப்பது ஒன்றேகால். இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. மீனம்பாக்கத்தில் இருந்து வீட்டுக்கு ஒரு மணி. ஏழு மணி நேரம் வந்துவிட்டதா? இதில் ஆகாயத்தில் இருந்தது ஆறில் ஒரு பங்குதான். 2024 ஆகஸ்ட் 31 முதல் ஓடும் வந்தே பாரத் ரயில் எழும்பூரில் இருந்து நாகர்கோவிலுக்குச் சுமார் 9 மணி நேரத்தில் வருகிறது, 725 கி.மீ. அளவு. வித்தியாசம் இரண்டு மணி நேரம். களியக்காவிளையில் ஒரு லாரி குறுக்கே நின்றால் அந்த வித்தியாசமும் போயிற்று.

தூத்துக்குடி வழியாக வந்தால்? வாகைக்குளம் விமான நிலையம் சென்னையில் இருந்து நேர்க்கோட்டில் சுமார் 530 கி.மீ. நம் வீட்டில் இருந்து சாலையில் தொண்ணூறு, நூறு கி.மீ. இருக்கும். தூரம் கூடுதல். ஆனால் நாற்கர சாலை, நெரிசல் இல்லை, போகிற திசையும் சென்னையை நோக்கித்தான். 2025-ல் புதிய முனையமும் திறந்துவிட்டார்கள். இன்னும் நம்மவர்கள் பழக்கத்தில் திருவனந்தபுரத்துக்குத்தான் போகிறார்கள். கால் பழகிய வழி மாறுவது லேசில்லை. விமானங்களும் அங்கேதான் அதிகம் என்பதையும் சொல்லவேண்டும். 1991-ல் அது சர்வதேச நிலையம் ஆனது. நம் வீடுகளில் பாதிப் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போனதும் வந்ததும் அந்த வாசல் வழியாகத்தான். துபாய் ஏறத்தாழ 2,900 கி.மீ., நான்கு மணி நேரம். துபாயில் இருக்கும் தம்பியும் சென்னையில் இருக்கும் அண்ணனும் ஒரே நேரத்தில் கிளம்பினால் கிட்டத்தட்ட ஒன்றாகவே வீட்டு முற்றத்துக்கு வந்துசேர்வார்கள். அண்ணன் ரயிலில் வந்தால் தம்பி முந்திக்கொள்ளவும் கூடும்.

மாநிலம் மாறி எழுபது ஆண்டு ஆகப்போகிறது. ரயிலில் நாம் இன்றும் திருவனந்தபுரம் கோட்டத்தின் கீழ். ஆசாரிபள்ளத்தில் நமக்கென்று மருத்துவக் கல்லூரி வந்த பிறகும், பெரிய நோய் என்றால் திருவனந்தபுரத்துக்கு ஓடுகிறோம். இதில் எனக்கு வருத்தம் இல்லை. அறுபத்தைந்து கிலோமீட்டரில் உள்ள ஊரைக் கோடு கிழித்து எடுத்துப் போய்விட முடியுமா? நமக்கும் ஒரு விமான நிலையம் வேண்டும் என்று தேர்தலுக்குத் தேர்தல் பேச்சு வருகிறது. எனக்கு அதில் பெரிய ஆசை கிடையாது. வயலையும் குளத்தையும் தூர்த்து ஓடுதளம் போடுவதைவிட, களியக்காவிளைச் சாலையைச் சரிசெய்து கொடுத்தால் போதும், விமான நேரத்தில் ஒரு மணி குறையும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சண்டைக்கு வரலாம், பழைய மாணவர்களுக்கு அனுமதி உண்டு.

கேட்ட மாணவனுக்கு ஒரு எச்சரிக்கை. பங்குனியிலும் ஐப்பசியிலும் டிக்கெட் எடுக்கும்போது நாள் பார்த்து எடு. பத்மநாப சுவாமி ஆராட்டுக்குச் சங்குமுகம் கடலுக்குப் போகும் ஊர்வலம் ஓடுதளத்தைக் கடந்துதான் போகும். அன்று சாயங்காலம் சில மணி நேரம் விமானம் ஏறவும் இறங்கவும் செய்யாது. ஆராட்டு வழி முன்னாலேயே இருந்தது, ஓடுதளம் பிறகு வந்தது.

1979-க்கு முன்னால் திருநெல்வேலி போய் ரயில் பிடித்துச் சென்னை போன பெரியவர்கள் நம் குடும்பத்தில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். ஊரில் எத்தனை மணிக்குப் பேருந்து ஏறினீர்கள், எழும்பூரில் எத்தனை மணிக்கு இறங்கினீர்கள், டிக்கெட் என்ன விலை என்று ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். நான் நோட்டில் குறித்து வைத்துக்கொள்கிறேன்.